மனோரஞ்சிதத்தை விதை போட்டு வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூக்கடையில் போய் மனோரஞ்சிதம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். சரமாகத் தொடுக்க வராத பூ. கூடை கூடையாகப் பறிக்கவும் கிடைக்காது. இலையோடு இலையாகப் பச்சையாக இருப்பதால் செடியடியில் நிற்பவர் கண்ணுக்கே படாது. சந்தை கைவிட்ட பூவைத் தோட்டமும் கைவிட்டுவிடுகிறது. பழைய வீட்டுக் கொல்லைகளிலும் சில கோயில் நந்தவனங்களிலும் நிற்பவைதான் இன்று மிச்சம். அப்படிப்பட்ட ஒரு புதரிலிருந்து நாலு பழம் கிடைத்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

மனோரஞ்சிதம் செடியா, கொடியா?

சாய்ந்து ஏறும் புதர். பிடிமானம் இல்லையென்றால் வளைந்த கிளைகளோடு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே புதராக நிற்கும். பக்கத்தில் மாமரமோ பந்தலோ இருந்தால் முப்பது அடிகூட ஏறும். தாவரவியல் பெயர் ஆர்ட்டாபோட்ரிஸ் ஹெக்ஸாபெட்டலஸ். சீத்தாப்பழமும் நெட்டிலிங்கமும் இதே குடும்பம்தான். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விதை விஷயத்தில் பாதிப் புதிர் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

நர்சரியில் "மனோரஞ்சிதம்" என்று கொடுத்தார்கள். பூ நீளநீளமாகத் தொங்குகிறது. இது அசல்தானா?

இல்லை. உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குட்டை ரக யிலாங் யிலாங்காக இருக்கும். "செடி மனோரஞ்சிதம்", "குட்டை மனோரஞ்சிதம்" என்ற பெயர்களில் பல நர்சரிகளில் அதைத்தான் விற்கிறார்கள். அதுவும் சீத்தா குடும்பம்தான், மணமும் நன்றாகவே இருக்கும். ஆனால் இதழ்கள் ஒல்லியாக, நீளமாக, முறுக்கிக்கொண்டு தொங்கும்.

அசல் மனோரஞ்சிதத்துக்கு ஆறு இதழ், மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு. தொட்டால் தோல்போலக் கெட்டியாக இருக்கும். பூ இல்லாத காலத்திலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பூக்காம்பைப் பாருங்கள். அது தட்டையாகி, தடித்து, கொக்கியாக வளைந்திருக்கும். பூ உதிர்ந்த பிறகும் அந்தக் கொக்கி கட்டையாக இறுகிக் கிளையிலேயே தங்கிவிடும். செடி மரமேறுவது அந்தக் கொக்கிகளை மாட்டி மாட்டித்தான். பூத்த செடியில் கொக்கி இல்லையென்றால் அது மனோரஞ்சிதம் இல்லை.

விதையை எப்போது எடுக்க வேண்டும்?

பழம் தானாக மஞ்சளாகி, அழுத்தினால் மெத்தென்று கொடுக்கும்போது. பச்சையாக இருக்கையில் பறித்து அரிசிக்குள் பழுக்க வைக்கும் வேலை வேண்டாம். காய் உருவாகி முற்றவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை செடியிலேயே இருக்கட்டும். அணிலும் வௌவாலும் தொல்லை கொடுத்தால் கொத்தின்மேல் கொசுவலைத் துணியால் ஒரு பை கட்டிவிடுங்கள்.

முதன்முறை பார்ப்பவர்கள் குழம்புவது கொத்தைப் பார்த்துத்தான். ஒரே பூவிலிருந்து பல பழங்கள் ஒரு புள்ளியில் சேர்ந்து தொங்கும். சீத்தாப்பழத்தில் கண்கண்ணாகத் தெரிகிறதே, அந்த ஒவ்வொரு கண்ணும் பூவின் ஒரு தனிச் சூலகம். அவை ஒட்டி ஒரே பழமாகிவிடுகின்றன. மனோரஞ்சிதத்தில் அவை ஒட்டாமல் தனித்தனிப் பழமாகவே வளர்கின்றன. ஒவ்வொன்றும் முனையில் சின்னக் கூர்மையோடு, பெரிய நெல்லிக்காய் அளவில் நீள்வட்டமாக இருக்கும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதை.

செடி நன்றாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. ஏன்?

தேனீயையும் பட்டாம்பூச்சியையும் நம்பி இருக்கிற பூ இல்லை இது. சின்னச் சின்ன வண்டுகள்தான் மகரந்தம் சேர்க்கின்றன. உள்ளிதழ்கள் அடியில் குவிந்து ஒரு சிற்றறை மாதிரி மூடிக்கொண்டிருக்கும், வண்டு அதற்குள் நுழைய வேண்டும். ஒரு பூவுக்குள் முதலில் பெண் பருவம், பிறகுதான் ஆண் பருவம். அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே பெறுவது கடினம். நகரத்து மொட்டைமாடியில் அந்த வண்டுகள் வராவிட்டால் பூ பூத்து உதிரும், அவ்வளவுதான்.

கையால் செய்து பார்க்கலாம். இதழ் தளர்ந்து உதிரப்போகும் பழைய பூவைப் பறித்துத் தட்டினால் மகரந்தத்தாள்கள் துகள்துகளாகக் கொட்டும். அப்போதுதான் மணக்கத் தொடங்கிய புதுப் பூ ஒன்றின் உள்ளிதழை விரலால் மெல்ல விலக்கி, நடுவில் ஈரமாகப் பளபளக்கும் சூலகமுடிகளில் மெல்லிய தூரிகையால் அதைத் தடவுங்கள். இதழ் பிய்ந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது காய். எல்லாப் பூவும் பிடிக்காது. ஒரு கொத்து பிடித்தாலே கைநிறைய விதை.

விதையைக் காயவைத்து அடுத்த வருடம் போடலாமா?

வேண்டாம். வெண்டை, கத்தரி விதைக்குப் பழகிய கை முதலில் செய்வது வெயிலில் உலர்த்துவதுதான். மனோரஞ்சிதத்துக்கு அது ஆகாது. பழத்தைப் பிதுக்கி எடுத்து, சதை ஒட்டாமல் கழுவி, நிழலில் மேல்ஈரம் போனதும் அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் ஈரம் பிழிந்த தேங்காய் நார்க்கழிவுக்குள் புதைத்து, ஜிப் பையில் போட்டு அனுப்பலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஆன்லைனில் விற்கும் விதைகள்?

படத்தில் யிலாங் யிலாங் பூ, தலைப்பில் மனோரஞ்சிதம், உள்ளே எப்போது பறித்தது என்றே தெரியாத காய்ந்த விதை. நல்ல விதை விற்பவர்களும் இருக்கலாம். ஆனால் "பழம் எப்போது பறித்தது" என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு பஸ் ஏறி, செடி வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்வருவது மேல்.

சரி, விதைப்பது எப்படி?

செம்மண், ஆற்றுமணல், நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றும் சமமாக. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க்கழிவு. கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கும். மக்காத சாணம் மட்டும் கூடவே கூடாது. சூடு பிடித்து விதையை அழுகவைத்துவிடும்.

இதற்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். அதனால் அகலமான தட்டில் கூட்டமாக விதைப்பதைவிட, ஆழமான நாற்றுப் பையில் ஒவ்வொரு விதையாகப் போடுவது நல்லது. பையின் அடியில் ஓட்டைகள் அவசியம். ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்த விதையைப் படுக்கவைத்து, விதையின் பருமன் அளவுக்கு மேலே மண் போட்டு மூடினால் போதும். தண்ணீர் பூவாளியில். பையை நல்ல வெளிச்சம் வரும் நிழலில் வையுங்கள். கொய்யா மரத்தடியோ பச்சை வலைக்கூடாரமோ ஏற்ற இடம். மேல்மண் காய்ந்து வெளுக்கக் கூடாது, சேறாகவும் கூடாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பையைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

பையில் தேதியை எழுதி ஒட்டிவையுங்கள். சின்ன வேலைதான், ஆனால் அடுத்த கேள்விக்கான பாதிப் பதில் அதில் இருக்கிறது.

விதைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றுமே வரவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

மனோரஞ்சித விதைகளில் பெரும்பகுதி சாவது இந்தக் கேள்வியால்தான். கடுகு மூன்று நாளில் முளைக்கும், அவரை ஒரு வாரத்தில். அந்தக் கணக்கில் பழகிய நமக்கு அறுபது நாள் என்பது தோல்வியாகப் படுகிறது. பையைக் கவிழ்த்து அதே மண்ணில் கத்தரி நட்டுவிடுகிறோம்.

ஒரு விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய கொட்டைப்பாக்கில் இருப்பதுபோலப் பழுப்பும் வெள்ளையுமாக வரிகள் உள்ளே ஓடும். வெள்ளையாக இருப்பது முழுக்கச் சேமித்துவைத்த சாப்பாடு. கரு எங்கே என்று தேடினால் ஒரு முனையில், கண்ணுக்குப் பட்டும் படாமலும் ஒரு துளி. அவரையை இரண்டாகப் பிளந்தால் வேரும் குருத்தும் தயாராக இருக்கும், தண்ணீர் பட்டதும் கிளம்பிவிடும். மனோரஞ்சிதத்தில் பழம் பழுத்து விழும்போதும் கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. மண்ணுக்குள் போன பிறகு, அந்தக் கெட்டிச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்று, விதைக்குள்ளேயே வளர்ந்து, அதன் பிறகுதான் ஓட்டை உடைக்க வேண்டும். சீத்தா குடும்பத்துக்கே உரிய குணம் இது.

ஆக ஒரு மாதத்தில் வந்தால் அதிர்ஷ்டம். இரண்டு மூன்று மாதம் சாதாரணம். மார்கழி, தைக் குளிரில் விதைத்தது இன்னும் தாமதிக்கும். ஒரே பழத்தின் இரண்டு விதைகளே வெவ்வேறு மாதத்தில் முளைப்பதும் உண்டு. ஆறு மாதம் வரைக்கும் ஈரம் விடாமல் காத்திருங்கள்.

தோண்டிப் பார்க்கும் ஆசை வரும். உள்ளே வேர்நுனி கிளம்பியிருந்தால் அது அந்த நகத்திலேயே உடையும். தோண்டியே தீர வேண்டுமென்றால் ஒரு விதையை அதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். அது அழுத்தினால் கெட்டியாக இருந்தால் மற்றவையும் உயிரோடு இருப்பதாகக் கொள்ளலாம். பொதபொதவென்று நசுங்கி நாறினால்தான் கவலை.

வெந்நீரில் போடலாமா? உப்புத்தாளில் தேய்க்கலாமா? ஜிப்ரலிக் அமிலம்?

வெந்நீர் கூடாது. கொன்றை, வாகை மாதிரித் தண்ணீரே நுழையாத ஓடு உள்ள விதைகளுக்கான வைத்தியம் அது. இங்கே பிரச்சினை ஓடு இல்லை, வளராத கரு. கருவை அவித்துவிட்டு முளைக்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை.

ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சீத்தா வகை விதைகளுக்கு நாற்றங்கால்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். முளைப்பு சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் வரும். ஆயிரம் நாற்று விற்பவருக்கு அது தேவை. வீட்டில் ஆறு விதை வைத்திருப்பவருக்கு எதற்கு?

முளை வளைந்து நிற்கிறது, தலையில் விதை ஓடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

கை வைக்காதீர்கள். வித்திலைகள் ஓட்டுக்குள்ளே இருந்து மிச்சமிருக்கும் உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள், அதுவாக உதிரும்.

நாற்று மண்மட்டத்தில் கறுத்துச் சாய்ந்துவிட்டது.

நாற்றழுகல் நோய். தண்ணீர் அதிகம், காற்றோட்டம் குறைவு. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்துப் பைகளைத் தள்ளிவையுங்கள். மண்ணைக் கலக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும். வேளாண் இடுபொருள் கடைகளில் பொடியாகவே கிடைக்கும்.

எப்போது மாற்றி நடலாம்? தொட்டியில் வளருமா?

நாற்று ஒரு முழம் உயர்ந்து, பை அடியில் வேர் எட்டிப் பார்க்கும்போது. மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து அப்படியே இறக்குங்கள். ஆணிவேர் அடியில் சுருண்டிருந்தால் சுருண்ட நுனியை மட்டும் வெட்டிவிடலாம். ஆடியிலோ ஆவணியிலோ நட்டால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். நட்ட முதல் கோடையில் மதிய வெயிலுக்கு மட்டும் ஓலைத் தடுப்பு தேவைப்படும். சமவெளி வெயிலுக்கு அதன்பின் அது அஞ்சுவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிர்தான் அதற்கு ஒத்துவராது.

தொட்டியில் வளரும், ஆனால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். பாதியாக அறுத்த டிரம் சரியாக இருக்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் இலை மட்டும் பார்க்கலாம். தரையில் இடம் இருக்கிறவர்கள் தரையிலேயே வையுங்கள். மதிலோரத்தில், ஏறுவதற்கு ஏதாவது இருக்கும் இடமாக, நாளில் நாலைந்து மணி நேரமாவது வெயில் படும் இடமாக.

எத்தனை வருடத்தில் பூக்கும்? பதியம் போட்டால் சீக்கிரம் பூக்குமே, விதை எதற்கு?

விதைச்செடி பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும், நிழலில் இருந்தால் அதற்கும் மேல். பதியச்செடி அதைவிடச் சீக்கிரம் பூத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. சீக்கிரம் பூ வேண்டும் என்பதே நோக்கமென்றால் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதியம் போடுங்கள், அல்லது மழைக்காலத்தில் மேல்கிளையிலேயே வேர் விடவைக்கும் விண்பதியம் கட்டுங்கள்.

ஆனால் ஓர் ஊரில் உள்ள மனோரஞ்சிதமெல்லாம் ஒரே தாய்ச்செடியின் பதியங்களாக இருந்தால், அவையெல்லாம் உண்மையில் ஒரே செடிதான். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கதி. விதைச்செடி ஒவ்வொன்றும் புதுக் கலவை. ஆணிவேர் ஆழமாகப் போவதால் வறட்சியையும் புயல்காற்றையும் அது நன்றாகவே தாங்கும். இப்படி அருகிவரும் செடியை விதை வழியாகப் பெருக்குபவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் நல்லது என்பது என் கட்சி. இரண்டையும் செய்யலாம்: வாசலுக்குப் பதியம், கொல்லைக்கு விதை.

கத்தரித்துவிட வேண்டுமா?

முதல் இரண்டு வருடம் தொடாதீர்கள். பிறகு பூ ஓய்ந்ததும், நீட்டிக்கொண்டு போகும் கிளைகளின் நுனியை மட்டும் வெட்டுங்கள். பக்கக் கிளைகள் பெருகும், பூ அங்கேதான் வரும். கொக்கியுள்ள பழைய கிளைகளை மொட்டையடித்தால் ஒரு பருவப் பூ போய்விடும்.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

இரும்புச்சத்துக் குறைபாடு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதில்லை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்வெல் தண்ணீரால் மண் காரமாகி, இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாமல் போவதால் வருவது. மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள், மண்புழு உரமும் இலைமக்கும் அடியில் போடுங்கள். அவசரத்துக்கு இரும்பு கலந்த நுண்ணூட்டத்தை இலைவழி தெளிக்கலாம்.

மனதில் நினைத்த பழத்தின் வாசம் வரும் என்கிறார்களே, உண்மையா?

பூவைக் கொடுத்துவிட்டு "வாழைப்பழத்தை நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டால் பலருக்கும் வாழைப்பழம் மணக்கும். மந்திரமும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. வாழை, அன்னாசி, ஆப்பிள் போன்ற பழங்களின் வாசத்தில் முக்கியப் பங்கு எஸ்டர் என்ற வேதிப்பொருள் வகைக்கு உண்டு. மனோரஞ்சிதத்தின் மணத்திலும் அதே வகைதான் தூக்கல். பல பழங்களின் வாசனைச் சாயல் ஒரே பூவில் கலந்து கிடக்கும்போது, நினைத்ததை மூக்கு பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. செடிக்கு நம் மூக்கைப் பற்றி அக்கறை இல்லை. பழுத்த பழத்தைத் தேடி அலையும் வண்டுகளை அழைக்கத்தான் அந்த மணம்.

பச்சையாக இருக்கும்போது முகர்ந்துவிட்டு மணமே இல்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சில நாள் பொறுங்கள். இதழ் மஞ்சளாகத் திரும்பியதும் பூவைத் தேட வேண்டியதில்லை, மணத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். ஒரே ஒரு பூவைப் பறித்துப் புடவை அடுக்கில் வைத்தால் பீரோவே மணக்கும்.

பாம்பு வருமாமே? வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

தாழம்பூவுக்கும் இதே பேச்சுதான். பூவின் மணத்துக்குப் பாம்பு வருவதில்லை. அடர்ந்த புதர், அடியில் குளிர்ச்சி, உதிர்ந்த சருகு, அதில் எலி, தவளை: இவை இருக்கும் இடத்துக்கு எந்தச் செடியானாலும் பாம்பு வரும். பெரியவர்களின் எச்சரிக்கையில் புதரைப் பற்றிய பாதி சரிதான். அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கிளைகளை எடுத்துவிட்டு, கீழே சருகு சேராமல் கூட்டிவையுங்கள். படுக்கையறை ஜன்னலை ஒட்டி நடாதீர்கள்.

மருந்தாகப் பயன்படுமா?

இந்தச் செடியின் வேரிலிருந்து மலேரியாவுக்கு எதிரான யிங்சாசு ஏ என்ற பொருளைச் சீன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1979ல் அறிவித்தார்கள். அதன் அமைப்பைப் பின்பற்றிச் செயற்கை மருந்துகளும் உருவாக்கிப் பார்த்தார்கள். அது ஆய்வுக்கூடத்து வேலை. அதைப் படித்துவிட்டு வேரைத் தோண்டிக் கஷாயம் வைக்காதீர்கள்.

இலையைப் புழு கடித்துக் குதறுகிறது. என்ன மருந்து அடிப்பது?

முதலில் புழுவைப் பாருங்கள். தோள்பகுதி பருத்து, பின்பக்கம் ஒடுங்கிய பச்சைப் புழு என்றால் அது அநேகமாக, கருஞ்சிறகில் பச்சைப் புள்ளிகளும் பின்சிறகில் குட்டி வாலும் உள்ள பட்டாம்பூச்சியின் குஞ்சு. நெட்டிலிங்கத்திலும் மனோரஞ்சிதத்திலும் முட்டையிடுவது அதன் வழக்கம். வளர்ந்த புதர் இலைகள் போவதைத் தாங்கும், விட்டுவிடுங்கள். கைக்குழந்தை நாற்றாக இருந்தால் மட்டும் புழுவை இலையோடு கிள்ளி, பக்கத்தில் இருக்கும் நெட்டிலிங்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. கூடவே எறும்பு வரிசை இருக்கும். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், சாயங்காலம் தெளியுங்கள். பூ மஞ்சளாகி மணக்கும் நாட்களில் தெளிக்காதீர்கள், வண்டு வராது.